அரசாங்கம் அரைத்த நெத்தலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு நெத்தலிக் கருவாடு மிகவும் பிடிக்கும். வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுப் பொரித்துத் தந்தால் வேறு கறி கேட்கமாட்டேன். வெள்ளிக்கிழமையும் விரத நாள்களும் தவிர எங்கள் வீட்டில் மீன் வாங்காத நாள் குறைவு. ஆகையால் யாரோ ஓர் ஆசாரக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதுகிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதை எழுதும்போது எனக்குக் குமட்டிக்கொண்டு வருவதற்குக் காரணம் ஒரு படிவமும், ஒரு பதாகையும், அந்தப் பதாகையின் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்னுடைய முகமும்தான்.

இணுவிலுக்கும் மானிப்பாய்க்கும் இடையில், வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் நானும் என் மச்சாளும் மா அரைக்கும் மில் நடத்துகிறோம். மச்சாள் என்பது என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்யாதவர். மில்லைத் தொடங்கியவர் என் கணவர். அவர் இறந்தபோது செத்தவீட்டுக்கு வந்த அத்தனை பேரும், இரண்டு பெண்களால் இதை இழுக்க முடியாது, விற்றுவிடுங்கள் என்றார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் மச்சாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் சுவிச்சைப் போட்டார். அன்றிலிருந்து இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்கள் தொழிலில் விற்பதற்கு எதுவும் இல்லை. சனங்கள் தங்கள் அரிசியை ஊறவைத்து வடித்துக்கொண்டு வருவார்கள், தங்கள் மிளகாயையும் மல்லியையும் வறுத்துக்கொண்டு வருவார்கள். நாங்கள் அரைத்துக் கொடுப்போம். தூளில் மல்லி எவ்வளவு, மிளகு எவ்வளவு, கறிவேப்பிலை வறுத்துப் போடுவதா பச்சையாய்ப் போடுவதா என்பதில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒத்துவராது. அக்காவின் தூளைத் தங்கை பாவிக்கமாட்டாள். அதனால் இரண்டு கிலோ கொண்டுவந்தாலும் பக்கத்தில் நின்று, கண்ணெடுக்காமல் பார்த்து, தன்னுடையது தன்னுடைய பைக்குள்தான் விழுகிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் போவார்கள். மா அரைக்க ஓர் இயந்திரமும் தூள் அரைக்க ஓர் இயந்திரமும் வைத்திருந்தோம். வாசலில் என் கணவர் தன் கையால் பெயின்ற் அடித்த ஒரு பலகை தொங்கியது: ‘இங்கே மச்சம் அரைப்பதில்லை.’ மச்சம் என்று எங்கள் ஊரில் சொல்வது மீனையும் இறைச்சியையும்.

அந்தப் பலகைதான் எங்கள் பிழைப்பு. எங்கள் பக்கத்தில் அநேகமான வீடுகளில் விரதச் சமையலுக்குத் தனிச் சட்டி இருக்கும், தனி அகப்பை இருக்கும், மீன் கரண்டி படாத தனித் தூள் போத்தலும் இருக்கும். ஐப்பசியில் கந்தசஷ்டி வரும்போது ஆறு நாள் விரதம். அதற்கு முந்திய இரண்டு கிழமையும் வீடு வீடாகக் கழுவி, மெழுகி, புதிதாக மாவும் தூளும் அரைப்பார்கள். எங்கள் ஒழுங்கை முழுக்கச் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாய் நிற்கும். வேறு மில்கள் இல்லாமல் இல்லை. அங்கே மாசிக்கருவாடும் அரைப்பார்கள், இறால் தலையும் அரைப்பார்கள். கேட்டால் ‘அது வேறை மிசின்’ என்பார்கள். எங்களிடம் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. அதற்காகத்தான் தூரத்திலிருந்தும் வந்தார்கள்.

சுத்தம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் இன்னொரு முகமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மில் வாசலில் வந்து நின்று சிலர் கேட்பார்கள்: “எனக்கு முன்னாலை ஆர் அரைச்சது?” எதற்காகக் கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். எந்தக் குறிச்சி, எந்தச் சாதி என்பதுதான் கேள்வி. மச்சாள் அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார்.

“என்ன அரைச்சது எண்டு கேளுங்கோ, சொல்லுறன். ஆர் அரைச்சது எண்டு இஞ்சை கேக்கக் கூடாது.”

ஒழுங்கை முகப்பிலுள்ள மாடிவீட்டுக்காரி ஒருமுறை இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று போய்விட்டார். அடுத்த மாதம் திரும்பி வந்தார். வரத்தானே வேண்டும்? மச்சம் படாத மில் வேறு இல்லை. அந்தப் பலகை இருந்ததால் மற்றக் கேள்விக்கு வாயை மூடச் சொல்ல எங்களால் முடிந்தது. மச்சாள் இதை ஒருநாளும் பெரிய கொள்கையாகப் பேசியதில்லை. செய்தார், அவ்வளவுதான்.

இனி அரசாங்கத்துக்கு வருகிறேன்.

சிறிய பாரம்பரியத் தொழில்களில் புத்தாக்கத்தை ஊக்குவிக்கும் திட்டம் என்று ஒன்று வந்தது. அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து சொன்னார். எங்கள் ஊர்ப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான கதை. அவருடைய தாயார் எங்களிடம் பல வருடமாய் அரைக்கிறவர். புது இயந்திரம் சும்மா தருவார்கள் என்றார். எங்கள் மா இயந்திரம் அப்போது ஒரு மணித்தியாலம் ஓடினால் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மாவும் கருகின மணம் பிடித்தது. நான் ஆசைப்பட்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது பிறகுதான் வருகிறது.

முதலில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய மண்டபம். நல்லெண்ணெய் ஆட்டுகிறவர், ஓலைப்பெட்டி பின்னுகிற பெண்கள், எள்ளுருண்டை பிடிக்கிறவர் என்று எங்களைப் போன்ற நாற்பது பேர். வெளிச்சத்தில் படம் காட்டி ஒருவர் இரண்டு மணித்தியாலம் கதைத்தார். புத்தாக்கம், புத்தாக்கம், புத்தாக்கம். அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டு மென்ற விதத்தில் எனக்குக் காதுக்குள் புளித்தது. எங்களில் ஒருவரையும் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. முடிவில் ஆளுக்கொரு பற்றிஸும் தேநீரும் தந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

அடுத்தது நேர்முகம். மூன்று பேர் மேசைக்குப் பின்னால். கழுத்துப்பட்டி கட்டியிருந்தவர் கேட்டார்: “உங்கடை தொழிலிலை நீங்கள் செய்த புத்தாக்கம் என்ன?”

மச்சாளுக்குச் சந்தோசம். கேட்பதற்கு ஒரு ஆள் கிடைத்ததே என்று விரிவாகச் சொன்னார். ஒருவர் அரைத்து முடித்ததும் இயந்திரத்தின் தட்டுக்குள் ஒரு பிடி மா தங்கிவிடும். அடுத்தவருடைய மாவோடு அது கலந்துவிடும். தங்களுடையது குறைந்துவிட்டது என்று முந்தியவருக்கு மனக்குறை, பிறத்தியாருடையது கலந்துவிட்டது என்று பிந்தியவருக்குச் சந்தேகம். மச்சாள் ஒரு பழைய சைக்கிள் பம்பின் குழாயை நீட்டி, தட்டுக்குள் காற்றடித்து, அந்த ஒரு பிடியையும் உரியவர் பைக்குள்ளேயே விழச்செய்ய ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மா விழுகிற வாயில் கட்டும் துணிக்குழாயையும் பொத்தான் வைத்துத் தைத்து, வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுத்திருந்தார். அவர்களே தோய்த்துக் கொண்டுவந்து மாட்டுவார்கள். பம்பையும் துணிக்குழாயையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தார். எடுத்து மேசையில் வைத்தார்.

கழுத்துப்பட்டிக்காரர் பம்பைத் தொடவில்லை. பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

“அம்மா, இது புத்தாக்கம் இல்லை. இது சமாளிப்பு,” என்றார்.

மச்சாள் பம்பைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். பேருந்தில் திரும்பி வரும்போது, “அந்தாளுக்கு மில் தெரியாது, பாவம்,” என்று மட்டும் சொன்னார். எனக்கு எரிந்தது. எரிந்தும் நான் என்ன செய்தேன்?

அடுத்த கிழமை உத்தியோகத்தர் தனியாக என்னைக் காண வந்தார். மச்சாள் கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

“அக்கா, உங்களுக்குப் புள்ளி காணாது. புதுப் பொருள் ஒண்டு காட்ட வேணும். இந்த வருசம் கடலுணவு எண்டால் புள்ளி கூட. நெத்தலிக் கருவாட்டுத் தூள் எண்டு போடுவமே?”

“தம்பி, இது மச்சம் அரைக்காத மில். உமக்குத் தெரியாததே?”

“தெரியும் அக்கா. உது கடதாசிக்குத்தானே. ஆர் அரைக்கப் போகினம்? மிசின் வந்த பிறகு நீங்கள் வழமையாச் செய்யிறதைச் செய்யுங்கோ. ஒருத்தரும் வந்து பாக்க மாட்டினம்.”

நான் கையெழுத்து வைத்தேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, எனக்கு விளங்கவில்லை என்று இன்று சொல்லலாம். சொன்னால் பொய். அவர் தமிழில் வாய்விட்டுச் சொன்னார், நான் தெரிந்துதான் வைத்தேன். மச்சாளிடம் சொல்லவில்லை. ‘கடதாசிக்குத்தானே’ என்ற அந்த வார்த்தையை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். எங்கள் நாட்டில் பாதி வேலை அந்த ஒரு வார்த்தையில்தான் நடக்கிறது. பாலம் கடதாசியில் இருக்கும், கிணறு கடதாசியில் இருக்கும். என் வீட்டுக் கருவாடும் அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

இயந்திரம் வந்தது. எவர்சில்வரில், ஆள் உயரத்துக்குப் பளபளவென்று இருந்தது. இடம் போதாமல் எங்கள் பழைய மா இயந்திரத்தைக் கழற்றி மாட்டுக்கொட்டிலில் கொண்டுபோய் வைத்தோம். அதைப் பொருத்திப் பூட்ட வந்தவன் வேலை முடித்துவிட்டுச் சொன்னான், இருபது கிலோவுக்குக் குறைவாய்ப் போட்டால் இது அரைக்காது, தட்டு தேய்ந்துவிடும் என்று. இங்கே இரண்டு கிலோவும் மூன்று கிலோவும் கொண்டுவருகிற சனம் என்றேன்.

“அதுக்கென்ன அக்கா? எல்லாரின்ரையையும் சேத்துப் போட்டு அரைச்சு, நிறுத்துப் பிரிச்சுக் குடுங்கோ.”

மச்சாள் சிரித்துவிட்டார். அவ்வளவு முட்டாள்தனமான கதையை அவர் கேட்டதில்லை. இருந்தாலும் அன்று பின்னேரமே பம்பைக் கொண்டுபோய், புது இயந்திரத்தின் தட்டுக்குள் அதை எந்தப் பக்கத்தால் விடலாம், உள்ளே ஒரு தடுப்புப் போட்டால் ஐந்து கிலோவுக்கு இறக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஆனால் இயந்திரத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ஐந்து வருடத்துக்கு அதில் எதையும் மாற்றக் கூடாது, அதை விட்ட இடத்திலிருந்து அசைக்கவும் கூடாது. புத்தாக்கத்துக்குத் தந்த இயந்திரத்தில் புதிதாக ஒரு துளை போடுவது குற்றம்.

திறப்புவிழாவைக் கந்தசஷ்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வைத்தார்கள். வேறு நாள் வையுங்கள், இது எங்களுக்கு வேலைக் காலம் என்று நான் கெஞ்சினேன். கொழும்பிலிருந்து வருகிற பெரியவருக்கு அன்றுதான் வசதியாம். காலையில் பதாகை கட்ட வந்தார்கள். ஆணி அடிக்க வசதியாய் வாசலில் ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. அதன் மேலேயே கட்டினார்கள். ‘மச்சம் அரைப்பதில்லை’ என்ற எழுத்து, சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்துக்குப் பின்னால் போனது. நான் பார்த்தேன், ஒரு நாளைக்குத்தானே என்று விட்டுவிட்டேன். ஒழுங்கைச் சனம் முழுதும் வந்திருந்தது. மச்சாள் முழுகி, நல்ல சேலை உடுத்து, முதல் அரைப்புக்கென்று இருபது கிலோ பச்சையரிசி ஊறவைத்து உலர்த்தி வைத்திருந்தார். அந்த மாவைக் கோயிலுக்குக் கொடுப்பதென்று நேர்ந்திருந்தார்.

பெரியவர் வந்தார், நாடா வெட்டினார், கோப்பைத் திறந்து பார்த்தார்.

“எங்கை அந்த மீன் தூள்?” என்று கேட்டார். நல்ல தமிழ்தான், எங்கடை ஆள்தான். “அரிசி அரைக்கிறதுக்கு உங்களுக்கு அரசாங்கம் வேணுமே? புதுப் பொருளைக் காட்டுங்கோ.”

நான் உத்தியோகத்தரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசலுக்குப் போய், கந்தோர் வாகனத்தின் பின்கதவைத் திறந்து ஒரு சாக்கை இறக்குவித்தார். நெத்தலிக் கருவாடு. இயந்திரம் கேட்கும் இருபது கிலோவும் கணக்காய் இருந்தது. முதல் நாளே வாங்கி ஏற்றியிருக்கிறார்.

“மேலிடத்து உத்தரவு அக்கா,” என்று என் காதுக்குள் சொன்னார். “படம் எடுக்கிற அளவுக்குத்தான். ஒரு பத்து நிமிசம்.”

மச்சாள் சுவிச்சடியில் நின்றார். சாக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ எழுதிக் குடுத்தனியோ?”

அவர் சத்தமாகக் கேட்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது போதும், அவருக்கு விளங்கிவிட்டது. சுவிச்சில் இருந்த கையை எடுத்தார். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கமராக்காரர் “அக்கா, கொஞ்சம் இஞ்சாலை வாங்கோ” என்றார்.

நான்தான் சுவிச்சைப் போட்டேன். உத்தியோகத்தரும் போடவில்லை, பெரியவரும் போடவில்லை. என் கணவர் நடத்திய மில்லில், அவர் எழுதிய பலகைக்கு மேலே அவர்கள் கட்டிய பதாகையின் கீழே, இருபது கிலோ நெத்தலியை என் கையாலேயே அரைத்தேன். அரைத்த தூளைப் பொட்டலமாக்கித் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். கைதட்டினார்கள். சனத்தில் பின்வரிசை ஏற்கெனவே கலைந்து போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டும் சிரித்தேன். அந்த அதிகாரிகள்மேல் உள்ள அருவருப்பை எழுதி முடிக்கிறபோதெல்லாம் இந்தச் சிரிப்பில் வந்து முட்டிக்கொள்கிறேன்.

எல்லாரும் போன பிறகு கழுவத் தொடங்கினேன். உள்ளே தண்ணீர் விடக் கூடாதாம், மோட்டார் பழுதாகிவிடுமாம். துணியால் துடைத்தேன். தவிடு போட்டு அரைத்தேன், உப்புப் போட்டு அரைத்தேன், மஞ்சள் போட்டு அரைத்தேன். சாம்பிராணி காட்டினேன். சுவரைக் கழுவினேன். மூன்றாம் நாள் மணம் போய்விட்டது. ஆனால் அதற்குள் படம் பேஸ்புக்கில் ஏறிவிட்டது. ‘நெத்தலித் தூளில் சாதனை படைக்கும் பெண் தொழில்முனைவோர்.’ ரொறொன்ரோவில் இருந்தெல்லாம் வாழ்த்துகள் என்று போட்டிருந்தார்கள். அங்கேயிருந்து தாய்க்கு ரெலிபோன் எடுத்து, ‘அம்மா, இனி அங்கை அரைக்காதேங்கோ’ என்று சொன்னவர்களும் அதே ஆட்கள்தான்.

பழைய மா இயந்திரத்தை மாட்டுக்கொட்டிலில் இருந்து திரும்ப எடுத்துவந்து, இருந்த மூலையில் நெருக்கிப் பூட்டினோம். மச்சாள் பதாகையைப் பிய்த்து எறிந்தார். பலகையையும் கழற்றினார். அதை ஏன் கழற்றுகிறீர்கள், பழைய இயந்திரம் சுத்தம்தானே என்றேன்.

“அதிலை எழுதியிருக்கிறது இப்ப பொய்,” என்றார்.

எங்கள் வாடிக்கைக்காரி ஒருவர், இருபது வருடமாய் வருகிறவர், வாசல் படியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மச்சாளைப் பார்த்துக் கேட்டார்: “நீங்கள் சொன்னால் நான் நம்புவன். இஞ்சை உண்மையா அரைச்சவையோ, இல்லாட்டி ஒப்புக்குப் படம் எடுத்தவையோ?”

ஒப்புக்கு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண் ஒழுங்கை முழுக்கப் போய்ச் சொல்லியிருப்பார். நான் மச்சாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

“அரைச்சதுதான்,” என்றார் மச்சாள். “இருவது கிலோ. இந்த மிசினிலை இல்லை, அந்தப் பெரியதிலை. உங்களுக்கு மனம் ஒப்பாட்டில் விடுங்கோ, நான் குறை நினைக்க மாட்டன்.”

அவருக்கு மனம் ஒப்பவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவரைப் போல் எத்தனையோ பேர். அவர்களை நான் திட்டமாட்டேன். விரதம் பிடிக்கிற வீட்டில் சந்தேகத்தோடு சமைக்க முடியாது. எனக்கு வயிறு எரிந்தது மாடிவீட்டுக்காரியில்தான். அவர் ஒழுங்கை முகப்பில் நின்று, போகிறவர் வருகிறவரை மறித்து, “அங்கை ஆரும் வரலாம், எதுவும் அரைக்கலாம். நான் அப்பவே சொன்னனான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘ஆரும் வரலாம்’ என்பதைத்தான் அவர் அழுத்திச் சொன்னார். இத்தனை வருடம் அவர் விழுங்கி வைத்திருந்த கேள்விக்கு அரசாங்கம் ஒரு சாட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது. அவருக்கு நெத்தலி ஒரு பொருட்டே இல்லை. திங்கட்கிழமையும் புதன்கிழமையும் அவர் வீட்டு வாசலில் மீன்காரன் மணி அடிப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

கந்தசஷ்டி தொடங்கியது. எங்கள் ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. வழமையாக அந்த நாள்களில் எங்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. மச்சாள் ஆறு நாளும் பாலும் பழமும்தான், அதோடுதான் நின்று அரைப்பார். இந்த முறை காலையில் முழுகி, திருநீறு பூசி, மில்லைத் திறந்து, கூட்டி, தண்ணீர் தெளித்து, மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். யாரும் வராவிட்டாலும் திறந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பத்து மணியிருக்கும், உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு படிவம். திட்டம் எப்படிப் போகிறது என்று மேலே அனுப்ப வேண்டுமாம்.

“அக்கா, வாடிக்கைக்காரர் கூடினவையோ குறைஞ்சவையோ எண்டு ஒரு கேள்வி கிடக்கு. கூடினவை எண்டு நான் போட்டிட்டன். குறைஞ்சது எண்டால் ஏன் எண்டு விளக்கம் எழுத வேணும், வீண் கரைச்சல். நீங்கள் இதிலை ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ.”

பேனையைத் திறந்து என் கையில் தந்தார். நான் வாங்கினேன். வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவருடைய மோட்டார் சைக்கிளின் கைபிடியில் தொங்கிய துணிப் பையைக் கண்டேன். இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தவளுக்குப் பையைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. துணியின் வெளிப்புறம் வெள்ளையாய்த் தூள் பறந்திருந்தது. மா. அப்போதுதான் அரைத்தது.

“எங்கை தம்பி அரைச்சனீர்?”

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. அதை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

“மானிப்பாய்ப் பக்கம் அக்கா. அம்மா விரதம்தானே. உங்களுக்குத் தெரியும்தானே.”

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைகள் வந்தன. அதற்குள் மச்சாள் வாங்கிலிருந்து எழுந்து வெளியே போனார். நேராக மோட்டார் சைக்கிளடிக்குப் போய்ப் பையைப் பார்த்தார். அதன் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். அரைத்த சூட்டோடு மாவை முடிந்து கட்டினால் உள்ளே வேர்த்துவிடும், கட்டி பிடித்துவிடும், பின்னேரத்துக்குள் புளித்த மணம் வந்துவிடும். எங்களிடம் அரைத்த ஒருவரையும் மச்சாள் பையை முடிந்துகொண்டு போக விட்டதில்லை.

“வெய்யிலுக்கை உப்பிடி முடிஞ்சு தொங்கவிட்டால் மா பழுதாப் போம் தம்பி,” என்று சொல்லிக்கொண்டே அவிழ்க்கக் கையை நீட்டினார்.

முடிச்சுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அந்தக் கை நின்றது. காலையில் முழுகின கை. மூன்று நாளாய்ப் பாலும் பழமும் தவிர ஒன்றும் வாயில் வைக்காதவரின் கை. இந்த மில்லில் இருந்து போன கை தொட்டதென்று தெரிந்தால், அந்தத் தாய் அத்தனை மாவையும் கொட்டிவிடுவார் என்று மச்சாளுக்குத் தெரியும். கையை மெதுவாகப் பின்னுக்கு எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“நீரே அவிட்டு விடும் தம்பி,” என்றார்.

உத்தியோகத்தர் குனிந்து அவிழ்த்தார். நான் பேனையை மூடி, படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் அவருடைய மோட்டார் சைக்கிளின் சீற்றில் வைத்தேன். விளக்கம் எழுத வேண்டுமென்றால் எழுதும், மிசினைக் கழற்றிக்கொண்டு போவதென்றால் கொண்டுபோம், நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். மூன்று மாதம் முந்தி, மச்சாள் கோயிலுக்குப் போயிருந்த அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. மச்சாள் அதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், வாங்கில் பழையபடி உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.